ஞாயிற்றுக்கிழமை விக்கல்

அரசாங்கம் ஒருவர் எழுதியதை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தால் எழுதியவருக்கு விக்கல் எடுக்கும் என்பது சிப்பிமுனையில் எங்களுக்கு ஐப்பசி மழை விட்ட வாரத்தில்தான் தெரிய வந்தது. முதல் விக்கல் மீன் ஏலக் கமிட்டிச் செயலாளர் கஸ்பாருக்கு வந்தது. கப்பல் உடைக்கும் யார்டு எங்கள் கடலுக்குள் கழிவெண்ணெயை விடுவதைப் பற்றி, சென்னையில் வக்கீலாக இருக்கும் தன் மச்சினனுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் தட்டி அனுப்பிவிட்டு, அவர் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் துண்டை வாயில் வைக்கும்போது ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தார், சர்க்கரையைக் கொட்டிக்கொண்டார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார், அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்தது.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பதும், நினைக்கிறவர் பெயரைச் சரியாகச் சொன்னால் விக்கல் நிற்கும் என்பதும் தமிழ்நாடு முழுவதும் உள்ள நம்பிக்கைதான். ஆனால் எங்கள் ஊரில் பெயரை மட்டும் சொன்னால் போதாது. கோயில் சவேரியார் கோயில், அதனால் ஆண்களில் பாதிப் பேருக்கு சவேரி என்றே பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் எட்டுத் தலை திரும்பும். ஆகவே நாங்கள் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்வோம், துபாயில் இருக்கிற சவேரி, மும்பையில் இருக்கிற சவேரி என்று. கஸ்பாரின் மனைவி அப்படி உறவு முழுவதையும் ஊரூராகச் சொல்லிப் பார்த்து, இருப்பவர்கள் தீர்ந்து செத்தவர்களையும் சொல்லிப் பார்த்து, கடைசியில் எரிச்சலில் அப்படியானால் கெவர்மெண்டுதான் உங்களை நினைக்கிறது என்றாள். விக்கல் ஒரு நொடி நின்றது, வேலையில் குனிந்திருந்த ஒருவர் யாரோ கூப்பிட்டதைக் கேட்டு நிமிர்ந்தது மாதிரி. பிறகு மறுபடியும் தொடர்ந்தது, ஏனென்றால் கெவர்மெண்டு என்பது ஒருத்தருடைய பெயர் இல்லையே.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து, மச்சினனுக்கு மட்டும் எழுதிய ஒரு வாக்கியத்தைக் கஸ்பாரிடம் மனப்பாடமாகச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், நாங்களும் பழகினோம். சீக்கிரத்திலேயே விக்கல் இரண்டு வகை என்று பிரித்துவிட்டோம். வீட்டு விக்கல் தொண்டையில் ஈரமாக எழும், விட்டுவிட்டு வரும், பெயர் சொன்னால் நிற்கும். ஆபீஸ் விக்கல் காய்ந்தது, கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் வரும், எந்தப் பெயருக்கும் அடங்காது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்தில் ஓய்ந்து, டீக்குப் பிறகு கொஞ்சம் சோம்பலாக வந்து, சாயங்காலம் நின்றுவிடும். இரண்டாம் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வரவே வராது. அந்த நாட்களில் மட்டும் எங்கள் தொண்டை எங்களுடையதாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமையே வரச் சொன்னோம், கல்யாணத்தையும் அன்றைக்கே வைத்தோம், மோதிரம் போடும் நேரத்தில் மாப்பிள்ளை விக்கினால் யாருக்குத்தான் நன்றாக இருக்கும். ஆனாலும் பயம் போகவில்லை, பாம்பு வீட்டுக்குள் இருப்பது தெரிந்தும் எந்த அறையில் என்று தெரியாமல் படுக்கிற பயம். விக்கல் வருகிறவனைக் கண்டு பயந்தோம், அவனோடு பேசினால் நமக்கும் வந்துவிடும் என்று ஒதுங்கினோம். விக்கலே வராதவனைக் கண்டால் அதைவிடப் பயந்தோம்.

எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவள் பிலோமினா. கோயில் மதிலை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள், அம்மா மதலேனம்மாளோடு தனியாக இருந்தவள். அவளுடைய தம்பியும் ஒரு சவேரிதான். யார்டு வாசலில் நாங்கள் உட்கார்ந்து போராடிய நாளில் எங்களோடு உட்கார்ந்திருந்த இன்னாசியைப் போலீஸ் அடித்து ஜீப்பில் ஏற்றியது, இன்னாசி அதன் பிறகு வீடு திரும்பவில்லை, அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். பிடித்ததையும் அடித்ததையும் படம் எடுத்த செல்போன் ஒன்றே ஒன்று, அது சவேரியிடம் இருந்தது. எங்களுக்குள் அதைச் சுற்றுக்கு விடலாம் என்று சிலர் சொன்னபோது, சுற்றுக்கு விட்டால் பொய்ப் படம் என்பார்கள், இன்னாசி விஷயத்தை விசாரிக்கப் போட்ட கமிஷன் முன்னால் செல்போனோடுதான் கொடுப்பேன் என்று சொல்லி அவன் ஊரைவிட்டுப் போனான். அவனைப் பிடித்தால் இன்னாசி போன வழியில்தான் அவனும் போவான் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அவன் இருக்கும் இடம் பிலோமி ஒருத்திக்குத்தான் தெரியும், அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. அம்மாவுக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது. சந்தோஷம் வந்தால் வாய் தானாகத் திறந்துவிடும்.

தம்பிக்கு எழுதிய ஒவ்வொரு தடவையும் பிலோமிக்கு ஆபீஸ் விக்கல் வந்தது. அவள் ஊரை எழுதவில்லை, பெயரை எழுதவில்லை, மழை பெய்கிறது, அம்மாவுக்கு முட்டுவலி தேவலை என்று மட்டும் எழுதினாள். அதையும் யாரோ திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒருநாள் பகல் முழுக்க விக்கி விக்கி நெஞ்செலும்பு நொந்து அவள் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

நயினார் அண்ணாச்சி அப்போது ஊரில் பெரிய ஆளாகியிருந்தார், ஏனென்றால் விக்கலுக்கு மருந்து அவரிடம்தான் இருந்தது. கம்ப்யூட்டரை நாங்கள் பெட்டி என்போம், எல்லார் வீட்டிலும் இருந்தது சாம்பல் பெட்டி, உள்ளே என்ன ஓடுகிறது என்று செய்த கம்பெனிக்குத்தான் தெரியும், கம்பெனியை அரசாங்கம் கேட்டால் கம்பெனி என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அவர் முதலில் விற்றது வெள்ளைப் பெட்டி. கொள்ளை விலை, ஆனால் பளபளவென்று இருக்கும், எவனும் உள்ளே நுழைய முடியாது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. லாஞ்சு வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். கொஞ்ச நாள் விக்கல் குறைந்தது, பிறகு சாம்பல் பெட்டிக்காரனுக்கு எழுதும்போதெல்லாம் வெள்ளைப் பெட்டிக்காரனும் விக்கினான். நம் கதவைச் சாத்தி என்ன, கடிதம் போய்ச் சேர்கிற வீட்டில் கதவு திறந்து கிடந்தால்? அதன் பிறகு ஊரில் வந்த சண்டையைச் சொல்லி மாளாது. பெட்டி மாறினால் பேச்சுவார்த்தை நின்றது, பூசையில் வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கமும் சாம்பல்காரர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள், சம்பந்தம் பேச வந்தவர்கள் பையன் எந்தப் பெட்டி என்று கேட்ட பிறகே காப்பியைத் தொட்டார்கள். சாமியார் பலிபீடத்திலிருந்து எல்லோரையும் திட்டிவிட்டு, பிரசங்கம் முடிந்ததும் நயினாரைத் தனியாகக் கூப்பிட்டு வெள்ளைப் பெட்டி தவணையில் கிடைக்குமா என்று விசாரித்தார்.

பிறகுதான் ஓசிப் பெட்டி வந்தது. பழைய சாம்பல் பெட்டியையே உள்ளே ஒன்றும் இல்லாமல் துடைத்துவிட்டு, உலகமெங்கும் இருக்கிற ஆட்கள் சும்மா எழுதிக் கொடுத்த ஒன்றை அதில் ஏற்றுவது. அதன் உள்ளே ஓடுவது முழுவதும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கிற மாதிரி திறந்து கிடக்கும், எழுதுவதை மட்டும் பூட்டிப் போடும், சாவி எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும்தான். இலவசமாகக் கிடைக்கிறதில் என்ன உசத்தி இருக்கப் போகிறது என்று முதலில் ஒருவரும் சீந்தவில்லை. பிலோமிதான் முதலில் மாற்றினாள், தம்பியையும் ஒன்று ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். மாற்றிய பிறகு அவள் முதல் கடிதம் எழுதிவிட்டு, தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து மணியிலிருந்து காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது, டீ நேரம் வந்தது, கோயில் மணி அடித்தது. தொண்டை சும்மா இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரே ஒரு விக்கல் எழுந்தது, ஈரமான வீட்டு விக்கல். தம்பி படிக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு, மூச்சுக்குள்ளேயே சொன்னாள், சவேரி, நீண்டகரையில். விக்கல் நின்றது. கேரளத்துத் துறைமுகம் ஒன்றில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தம்பி தன்னை நினைக்கிறான் என்ற சந்தோஷத்தில் அவள் ஜெராக்ஸ் மெஷினில் தலை வைத்து அழுதாள்.

ஒருவரைப் பார்த்து ஒருவராக ஊர் முழுவதும் ஓசிக்கு மாறியது. ஆபீஸ் விக்கல் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் இல்லாமலே போனது, திங்கட்கிழமைக் காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், நயினாருக்கு மாலை போட்டோம். மாலையை வாங்கிக்கொண்ட அண்ணாச்சி பிலோமியிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தங்கச்சி, பெட்டிக்குப் பூட்டு போட்டாச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா படிச்சுக்கிட்டு இருந்தவன் இப்ப சும்மா உக்காந்திருப்பான்னா நெனைக்க? வேற வேலைக்கு அனுப்பியிருப்பாங்கல்லா.” அன்றைக்குச் சிரிக்காமல் வீட்டுக்குப் போனவள் பிலோமி ஒருத்திதான்.

கருணாகரன் வந்தது அதற்குப் பிறகுதான். நைலான் வலைக் கம்பெனி ஏஜெண்ட் என்று சொல்லிக் கஸ்பார் வீட்டு மாடியில் குடி வந்தார். புதிதாக வருகிறவரை நாங்கள் கேட்கிற முதல் கேள்வி எந்தப் பெட்டி என்பதுதான். எந்தப் பெட்டியும் இல்லை என்று சொல்லி, ரப்பர் பேண்டு போட்ட ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டிச் சிரித்தார், எங்களுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது. பெட்டியே இல்லாதவனிடம் பயப்பட என்ன இருக்கிறது? வலைக்கு நியாயமான விலை சொன்னார், மதலேனம்மாள் முட்டுவலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தார், பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வீட்டு விக்கல் யாருக்கு வந்தாலும் பக்கத்தில் நின்று, பெயரும் ஊரும் சொல்லி அது நிற்பதைப் பிள்ளை மாதிரி ஆசையோடு பார்ப்பார். அவருக்கு ஒருநாளும் விக்கல் வந்து நாங்கள் பார்த்ததில்லை. என்னை நினைக்க யார் இருக்கிறார்கள் என்பார், எங்களுக்குப் பாவமாக இருக்கும்.

கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமிஷன் விசாரணை வியாழக்கிழமை. சவேரி புதன்கிழமை கிளம்பி வக்கீலோடு நேராக அங்கே போவதாக ஏற்பாடு, இன்னும் மூன்று நாள்தான். பகல் பூசை முடிந்து கோயில் பந்தலில் அசனச் சாப்பாடு, ஊர் முழுக்க வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பிலோமிக்குப் பக்கத்தில் அம்மா, எதிர் வரிசையில் கருணாகரன். சாம்பார் ஊற்றிக்கொண்டு வரும்போது பிலோமிக்கு விக்கல் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒருவரும் பயப்படவில்லை. திருவிழா நாள் அல்லவா, ஊரை நினைத்து, அக்காவை நினைத்து எங்கேயோ அவள் தம்பி தனியாக உட்கார்ந்திருப்பான் என்று எங்களுக்கும் தெரியும். மதலேனம்மாள் எச்சில் படாத இடது கையால் மகளின் உச்சந்தலையில் தட்டி, சவேரி, என் சவேரி என்றாள். விக்கல் நிற்கவில்லை. பிலோமி தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள், மூச்சைப் பிடித்தாள், எழுந்திருக்கப் பார்த்தாள். சாப்பாட்டை விட்டு எழுந்திருக்காதே என்று அம்மா தோளை அழுத்தினாள்.

அப்போது கருணாகரன் சோற்றைப் பிசைந்தபடி, நாலு வீட்டுக்கு நல்லவன் பேசுகிற குரலில் சொன்னார்: “வெறுமனே சவேரின்னா எப்படிம்மா நிக்கும், ஊரைச் சேத்துல்ல சொல்லணும். நான் வலை விக்கிற ஊரெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்குறேன், நீங்க சொல்லிக்கிட்டே வாங்க.”

மதலேனம்மாளுக்கு முகம் மலர்ந்தது, மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே. காசிமேடு, என்றார் கருணாகரன். காசிமேட்டில் இருக்கிற என் சவேரி, என்றாள் அம்மா. கடலூர், என்றார். கடலூரில் இருக்கிற என் சவேரி. நாகப்பட்டினம், என்றார், மல்லிப்பட்டினம், என்றார், தொண்டி, என்றார், ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் கை மகளின் தலையில் தட்டியது, ஒவ்வொன்றுக்கும் விக்கல் எழுந்தது. மன்றாட்டு மாலையில் குருவானவர் ஒரு புனிதர் பெயரைச் சொல்ல சபை முழுவதும் பதில் சொல்வது எங்களுக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். பக்கத்து இலைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது, கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுவதும் ஒரே குரலாகச் சொன்னோம்.

பிலோமிக்கு மட்டும் புரிந்தது. அந்த ஊர்ப் பெயர்கள் வடக்கிலிருந்து கரையோரமாக ஒவ்வொரு துறைமுகமாக இறங்கி, எங்களைத் தாண்டி, குமரி முனையை வளைத்துக்கொண்டு தன் தம்பியை நோக்கிப் போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்லவோ, ஊரை மூச்சுக்குள்ளேயே சொல்லி முன்கூட்டி நிறுத்தவோ வாயைத் திறந்தால் விக்கல்தான் வந்தது. முட்டம், என்றார் அவர். குளச்சல், என்றார். இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் இப்போது அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழிஞ்ஞம், என்றார். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அம்மா அதை அன்பு என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீண்டகரை, என்றார் கருணாகரன்.

நீண்டகரையில் இருக்கிற என் சவேரி, என்றாள் அம்மா. என்றோம் நாங்கள் எல்லோரும்.

விக்கல் நின்றது.

பிலோமி உடனே ஒன்றைப் போலியாக எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள். ஆனால் மாதக்கணக்காக விக்கலோடு குடித்தனம் பண்ணிய ஊர் அது, எது தொண்டையிலிருந்து வருகிறது எது உதட்டிலிருந்து வருகிறது என்று தெரியாதவர் அந்தப் பந்தலில் இல்லை. கருணாகரனுக்கும் தெரிந்தது. அம்மா கண்ணில் நீர் வழியச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: “நின்னுட்டு. கேட்டியளா, நின்னுட்டு. நீண்டகரையில சொகமா இருக்கான் எம் புள்ள.”

கருணாகரன் பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டார். இலையை மடித்தார், கை கழுவினார், மதலேனம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார், ரப்பர் பேண்டைக் கழற்றி போனைக் காதில் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்க நடந்தார். அவர் முதுகைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, மதலேனம்மாளிடம் யாரும் சொல்லவும் இல்லை, யாருக்கு அந்தத் தைரியம் வரும்?

பிலோமி அதற்கு முன்பே கடைக்கு ஓடியிருந்தாள். யாராலும் உடைக்க முடியாத ஓசிப் பெட்டியில், அவளும் தம்பியும் தவிர யாராலும் திறக்க முடியாத பூட்டுக்குள், செல்போனை எடுத்துக்கொண்டு இந்த நிமிஷமே கிளம்பு, எங்கே என்று எனக்கும் சொல்லாதே என்று எழுதி அனுப்பினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் படித்தால் அவளை நினைப்பான், நினைத்தால் விக்கல் வரும். இத்தனை காலம் எந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்தாளோ அந்தச் சத்தம் ஒரு தடவை வந்துவிடாதா என்று, கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சவேரியாரைக் கெஞ்சினாள். வெயில் தாழ்ந்தது, சப்பரத்துக்கு விளக்குக் கட்டினார்கள், நாங்கள் கடைக்கு வெளியே மதிலோரமாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம், உள்ளே போகக் கால் வரவில்லை.

சப்பரம் கிளம்புகிற மணி அடித்தபோது விக்கல் வந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சவேரி, நீண்டகரையில், என்றாள். நிற்கவில்லை. கிளம்பிவிட்டான், வழியில் இருக்கிறான் என்று நினைத்து, கொல்லத்தில், என்றாள், செங்கோட்டையில், என்றாள். நிற்கவில்லை. காய்ந்த விக்கல், ஒரே இடைவெளியில், அவசரமில்லாமல், ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் படிக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூட்டு உடையவில்லை, சாவியை வைத்திருந்தவன் அவர்கள் கைக்குப் போய்விட்டான், அவ்வளவுதான்.

திருவிழாப் பலகாரத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்த மதலேனம்மாள் வாசலிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முட்டுவலியையும் மறந்து வேகமாக உள்ளே போய், மகளின் உச்சந்தலையில் கை வைத்தாள்.

“பாத்தியாட்டி, மறுபடியும் நெனைக்கான்,” என்று சொல்லி, நீண்டகரையில் இருக்கிற என் சவேரி, நீண்டகரையில் இருக்கிற என் சவேரி என்று தட்டத் தொடங்கினாள். பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அம்மா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், சப்பரம் தெருவைச் சுற்றித் திரும்பி வரும் வரைக்கும்.